ஆணிவாயரின் மூன்றாம் நாள்

ஆணியை நாக்கு நுனியால் புரட்டி, தலைப்பக்கம் வெளியே தெரியும்படி உதடுகளுக்கு நடுவில் நிறுத்துகிறார். சுத்தியலின் ஒரு முனை காந்தம். உதட்டருகே கொண்டுபோனதும் ஆணி தாவி அதில் ஒட்டிக்கொள்கிறது. நாற்காலிச் சட்டத்தில் ஒரு தட்டு. சுத்தியலைத் திருப்பி மறுமுனையால் இன்னொரு தட்டு. அதற்குள் அடுத்த ஆணி உதட்டுக்கு வந்து காத்திருக்கும். இடது கை ரெக்சினை இழுத்துப் பிடித்திருக்கும். ஆணி எடுக்க அந்தக் கையை அனுப்பினால் துணி சுருங்கிவிடும் என்பதுதான் வாயை டப்பாவாக்கியதற்கு அவர் சொல்லும் காரணம். ஒரு தடவைக்கு ஒன்பது ஆணிகள். எட்டு போட்டால் நடுவில் தீர்ந்துபோகும். பத்து போட்டால் பேச முடியாது. பேசாமல் அவரால் வேலை செய்ய முடியாது.

சோபா, நாற்காலி, வண்டி இருக்கை என்று உட்காருவதற்கு உரிய எதுவானாலும் பிரித்துக் கட்டித் தருவார். மற்றவர்களுக்கு உட்கார இடம் செய்து தருகிற அந்த மனிதர் தான் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டிருக்கும்போதே கத்தரிக்கோல் நினைவுக்கு வரும். அதை எடுக்கப் போன இடத்தில் பசை டப்பா மூடியில்லாமல் கிடக்கும். அதை மூடிவிட்டு வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்ப்பார். வாடிக்கையாளர் வந்தால் அவரை ஏதாவது பழுதான நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, "எங்க குத்துது, சொல்லுங்க" என்பார். வைத்தியர் நாடி பிடிப்பதுபோல இருக்கும். தெருவில் அவரை ஆணிவாயர் என்றே கூப்பிடுவார்கள். அந்தப் பெயரில் அவருக்கு வருத்தமில்லை.

கடையின் பின்பக்கச் சுவரைப் பார்த்தபடி தையல் மிஷின். அதில் அவர் மனைவி. உறை தைப்பது அவள், மாட்டி அடிப்பது அவர். அவளை அவர் "மிஷினு" என்று கூப்பிடுவார். கோபம் வந்தால் "மிஷினம்மா". அவள் அவரை எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க" என்ற ஒரு சொல்லில் இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தை ஓட்டிவிட்டாள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் சுத்தியல் சத்தத்தை வைத்து அவர் கையில் இருப்பது எந்த நாற்காலி, அதில் எந்த மூலை என்று அவளால் சொல்ல முடியும். அன்றைக்கு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதையும் அதே சத்தத்தில் தெரிந்துகொள்வாள்.

ஏனென்றால் கடை திறந்ததும் முதல் வேலை குடிப்பதுதான். ரெக்சின் சுருளின் உள்குழாயில் பாட்டில் நிற்கும். குடிக்கும்வரை கை ஆடும், உதடும் ஆடும், வாயில் ஆணி நிற்காது. கால் பாட்டில் இறங்கிப் பத்து நிமிடம் ஆனதும் விரல்கள் பாறைபோல் நிலைத்துவிடும். "நீ மிஷினுக்கு எண்ணெய் விடறேல்ல, இது என் கைக்கு" என்பார். மதியம் கொஞ்சம், சாயங்காலம் மிச்சம். அவர் தள்ளாடி யாரும் பார்த்ததில்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. குடிகாரர் என்று தெருவில் யாரிடமாவது சொன்னால் நம்பமாட்டார்கள். அவள் அழுது பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள், இரண்டு முறை தம்பி வீட்டுக்குப் போய்ப் பத்துப் பத்து நாள் இருந்து பார்த்தாள். திரும்பி வந்தபோது உறைகள் தைக்கக் குவிந்திருந்தன. அவ்வளவுதான் பலன்.

அவளால் முடியாததை ஓர் ஆணி செய்தது.

பல் மருத்துவர் ஒருவருடைய நாற்காலியை அவர் புதுப்பித்துக் கொடுத்திருந்தார். இருக்கைக்கு அடியில் அடிக்கவேண்டிய ஆணி ஒன்று எப்படியோ பஞ்சுக்குள் தங்கி, கூர் மேலே பார்த்து நின்றிருக்கிறது. மருத்துவர் அதில் நான்கு நாள் உட்கார்ந்து, ஐந்தாம் நாள் குத்துப்பட்டுத் துள்ளி எழுந்தார். பக்கத்துச் சாவிக் கடைக்காரருக்கு இது போதாதா? பல் பிடுங்குகிறவருக்கே பல் முளைத்துவிட்டது, அதுவும் இடம் தப்பி, என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் மருத்துவர் சத்தம் போடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தானே கடைக்கு வந்து, பிடுங்கிய பல்லைப் போட்டுத் தருகிற சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சு சுற்றி அந்த ஆணியைக் கொடுத்தார். "இது உங்களுதுன்னு நினைக்கிறேன்" என்றார். பின்னாலேயே ஆள் நாற்காலியைக் கொண்டுவந்து இறக்கினான்.

திட்டியிருந்தால் ஆணிவாயர் பதில் சொல்லியிருப்பார். மரியாதையாகக் கொடுத்ததால் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பாட்டிலில் மிச்சமிருந்ததை நின்றபடியே குடித்தார். குழாயடியில் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தார். "இதோட சரி" என்றார். அவள் மிஷினை நிறுத்தவில்லை. இதே வார்த்தையைப் பலமுறை கேட்டவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் குடிக்கவில்லை. மதியமும் இல்லை. அவளுக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. சந்தோஷத்துக்கும் பயத்துக்கும் ஒரே படபடப்புதான் போலிருக்கிறது. அவர் கடையைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தார். ஆணிகளை அளவுவாரியாகப் பிரித்தார், பிரித்ததைத் திரும்பக் கொட்டினார். வேர்வையில் சட்டை மூன்று முறை நனைந்தது. வாய்க்குக் கொண்டுபோன தேநீர் நெஞ்சில் கொட்டியது. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. இரவு முழுக்க நடந்தார். உடம்பிலிருந்து விஷம் இறங்குகிறது, இறங்கட்டும் என்று அவள் நினைத்தாள். துண்டை நனைத்து நனைத்து முகம் துடைத்துவிட்டாள். கல்யாணமான புதிதில்கூட அவருக்கு அவள் அப்படிச் செய்ததில்லை.

தம்பிதான் முதலில் பயந்தான். சோபாக்களை ஏற்றி இறக்குகிற வேன் அவனுடையது. திங்கட்கிழமை காலை வந்தவன் மாமனின் கையைப் பார்த்துவிட்டு அவளைத் தனியே கூப்பிட்டான். ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு கேட்காது, தினம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்றான். இடுப்பிலிருந்து சின்னப் பாட்டில் ஒன்றை எடுத்தான்.

"இருபத்திரண்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமாத்தான்டா குறைச்சார்" என்றாள் அவள். "பாட்டில்தான் பெருசாயிக்கிட்டே போச்சு."

அதை வாங்கி, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டியில் கவிழ்த்தாள். நாற்றம் கடைவரை வந்தது. உள்ளே ஆணிவாயர் மூக்கை உயர்த்தியதை அவள் பார்த்தாள். அவர் பல் மருத்துவருடைய நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒன்பது ஆணிகளை எண்ணி வாயில் போட்டார்.

பத்து மணி இருக்கும். அவள் பசைத் தூரிகையை ஊறவைக்கப் பின்பக்கம் போயிருந்தாள். தொப்பென்று ஒரு சத்தம். அது சுத்தியல் சத்தம் இல்லை. ஓடிவந்தபோது அவர் தரையில் வில்லாக வளைந்து துடித்துக்கொண்டிருந்தார். கண் மேலே சொருகியிருந்தது. வாயோரம் நுரை, நுரையில் ரத்தம். சுற்றிலும் ஆணிகள். துடிப்பு அடங்கி உடம்பு துவண்டதும் அவரைப் பக்கவாட்டில் புரட்டி, ரத்தத்தோடு வழிந்தவற்றையும் தரையில் கிடந்தவற்றையும் பொறுக்கி எண்ணினாள். எட்டு. இன்னொரு முறை எண்ணினாள். எட்டுதான்.

வேனில் போகும்போது உள்ளங்கையை மூடியே வைத்திருந்தாள். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்னப் பெண், அவளுக்கு மகளாகக்கூடிய வயதுதான் இருக்கும். டாக்டர் முன்னால் கையை விரித்தாள். ஒன்பதில் ஒன்று உள்ளே போய்விட்டது, தொண்டையில் சிக்கி மூச்சு முட்டித் துடித்தார், ஆணி கிழித்து ரத்தம் வருகிறது என்று சொன்னாள். அவள் கண்ணால் கண்டது அது. வலிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை, ஏனென்றால் மனதிலேயே வரவில்லை. நாக்கை அவரே கடித்துக்கொண்டிருப்பார் என்று யாருக்குத் தோன்றும்? வருடம் பூராவும் வாய் நிறைய ஆணி வைத்திருக்கிற மனிதர் அவர்.

டாக்டர் எழுதிக்கொண்டே வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா.

"குடிப்பாரா?"

"இல்ல" என்றாள் அவள்.

தம்பி வாயைத் திறந்தான். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான். அது பொய்யில்லை. இரண்டு நாளாக அவர் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கேள்விக்குத் தலை நிமிர்ந்து பதில் சொல்ல அவளுக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது. நழுவவிட மனம் வரவில்லை.

எக்ஸ்ரேயில் ஆணி இருந்தது. வயிற்றுக்குள், தலை மேலாக, கடையில் வாங்கி வைத்ததுபோல் தெளிவாக. எல்லோருக்கும் நிம்மதி. இப்படிப்பட்டவை பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும் என்றாள் டாக்டர். வாய்வழியே எதுவும் கொடுக்கவேண்டாம், குளுகோஸ் ஏறட்டும், நாளைக்கு இன்னொரு படம் எடுத்து ஆணி நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். தேடியது கிடைத்துவிட்டதால் வேறெதையும் யாரும் தேடவில்லை. கட்டிலுக்கு மேலே தொங்கிய அட்டையில் ஆணி விழுங்கியவர் என்று எழுதியிருந்தது. வார்டில் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று படித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து அவர் கட்டிலில் நிலைகொள்ளவில்லை. எழுந்து உட்கார்ந்தார், காலைக் கீழே போட்டார், ஊசிக் குழாயை நூல் என்று நினைத்து இழுத்தார். அவளைப் பார்த்து, "கடையை யாரு திறந்து வச்சது?" என்று கேட்டார். சுவரில் ஆணிகள் வரிசையாக ஊர்ந்து போவதாகவும் அவற்றை உடனே டப்பாவில் அள்ளும்படியும் சொன்னார். மதியத்துக்குள் உடம்பு அனலாகக் கொதித்தது. வேர்வையில் தலையணை ஊறியது. அப்புறம் வேலையை ஆரம்பித்தார். உதட்டிலிருந்து இல்லாத ஆணியை இல்லாத சுத்தியலால் எடுத்து, போர்வை விளிம்பைக் கட்டில் கம்பியோடு வைத்து அடித்தார். ஒரு தட்டு, திருப்பி இன்னொரு தட்டு. இடது கை துணியை இழுத்துப் பிடித்தபடியே இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் தோள்பட்டை எலும்பு முறிந்து கிடந்தவர், "அண்ணே, முடிச்சிட்டு இந்தக் கட்டிலையும் ஒரு பார்வை பாருங்க, முதுகுல குத்துது" என்றார். வார்டு சிரித்தது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் அவளுக்கு வந்தது ஒருவகை ஆறுதல். அந்தக் கைகளை அவளுக்குத் தெரியும். அடிப்பது பல் மருத்துவருடைய நாற்காலி, இடது கைப்பிடியின் வளைவு. அதோ அங்கே துணியை மடிக்கவேண்டும், மடிக்கிறார். தப்பே இல்லை. மூலை வந்தபோது அவர் பார்க்காமலே கையை நீட்டினார். அவள் முந்தானை நுனியை அந்தக் கையில் கொடுத்தாள். அதை இழுத்து அடிக்கத் தொடங்கினார். அப்போதுதான் அவர் விரலின் சூடு அவள்மேல் பட்டது. பத்து முறை தட்டியும் அவர் அவள் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்பதும் உறைத்தது.

காய்ச்சல், எகிறும் நாடி, பிதற்றல். ஆணி குடலைக் குத்திவிட்டது என்று சந்தேகப்பட்டார்கள். வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லி அறுவை சிகிச்சை டாக்டருக்கு ஆள் போயிற்று. மதிய முறைக்கு அப்போதுதான் வந்திருந்த நர்ஸ் சம்மதத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்தாள். நரைத்த, பருத்த, காலை இழுத்து நடக்கிற பெண். தாளை நீட்டியவள் நீட்டிய கையோடு நின்று அவரைப் பார்த்தாள். அவர் வயிற்றில் கைவைத்து அழுத்தினாள். வயிறு பஞ்சுபோல அமுங்கியது. அவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. அடிப்பதை நிறுத்தவும் இல்லை.

"இவருக்கு என்ன தொழில்?"

அவள் சொன்னாள்.

"இப்ப அதைத்தான் செஞ்சிட்டிருக்காரா?"

"ஆமா."

"கடைசியா எப்ப குடிச்சார்?"

"அவர் குடிக்கறதில்ல சிஸ்டர்."

"அதை நான் கேக்கலம்மா." நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எப்ப விட்டார்னு கேக்கறேன்."

தாளும் பேனாவும் அவள் கையில் இருந்தன. இருபத்திரண்டு வருடமும் ஒரு பக்கம், இந்த மூன்று நாள் ஒரு பக்கம் என்று அவள் மனதுக்குள் வைத்திருந்தாள். சொன்னால் இந்த மூன்று நாளும் போய்ப் அந்த வருடங்களோடு சேர்ந்துவிடும். அட்டையில் ஆணி விழுங்கியவர் என்பதை அடித்துவிட்டுக் குடிகாரர் என்று எழுதுவார்கள். அப்புறம் ஊசி போடுகிறவள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போடுவாள். அவர் செய்த ஒரே நல்ல காரியம் வியாதியாகிவிடும். அவள் கட்டிலைப் பார்த்தாள். அவர் இப்போது வேகமாக அடித்துக்கொண்டிருந்தார். அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். வேலை முடியப்போகும்போதுதான் அவர் அப்படி அடிப்பார்.

"சனிக்கிழமை சாயங்காலம்" என்றாள். "தினம் ஒரு பாட்டில். பல வருஷமா. ஒரேயடியா விட்டுட்டார்."

நர்ஸ் சம்மதத் தாளை அவள் கையிலிருந்து உருவிக்கொண்டு, இழுத்த காலோடு ஓடினாள். அந்த உடம்பு அப்படி ஓடும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. சின்ன டாக்டர் வந்தாள், பெரிய டாக்டர் வந்தார். குளுகோஸை நிறுத்திவிட்டு முதலில் வைட்டமின் ஊசி போட்டார்கள். பிறகு அமைதிப்படுத்துகிற ஊசி, அடங்கவில்லை, இன்னொன்று, அப்புறமும் ஒன்று. வெளிச்சமுள்ள தனி அறைக்குக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மணிக்கட்டுகளைத் துணிப்பட்டையால் கம்பியோடு கட்டினார்கள். கட்டிய பிறகும் விரல்கள் மட்டும் துணி இழுத்துக்கொண்டிருந்தன.

பெரிய டாக்டர் அவளிடம் சுற்றிவளைக்காமல் பேசினார். கடையில் விழுந்தது ஆணி சிக்கியதால் இல்லை, வலிப்பு. இத்தனை வருடம் குடித்த உடம்பில் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் அது வரும். மூன்றாம் நாள் இந்தச் சித்தப்பிரமை வரும். இதில் ஆட்கள் செத்தும் போயிருக்கிறார்கள். இன்னும் இரண்டு நாள் தாண்டவேண்டும். "விட்டது சரிம்மா. விட்ட விதம்தான். இங்க வந்து விட்டிருக்கணும்."

அவள் தொட்டியில் கவிழ்த்த சின்னப் பாட்டிலைப் பற்றிக் கேட்டாள். அதைக் கொடுத்திருந்தால்?

"குடுத்திருந்தா அன்னைக்கு நடுக்கம் நின்னிருக்கும்" என்றார் டாக்டர். "அப்புறம் எப்ப விடறது?" என்று அவளையே கேட்டார்.

வாசலில் தம்பி நின்றிருந்தான். நான் அன்றைக்கே சொன்னேன் என்று சொல்வான் என எதிர்பார்த்து அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். அவன், "ஏதாவது சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டான். அதற்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

இரண்டு நாள் அவள் அந்த அறையில் உட்காரவில்லை. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். அவருடைய மூச்சை எண்ணினாள், எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து எண்ணினாள். அவர் நடந்த நடையெல்லாம் அவள் காலில் ஏறிக்கொண்டதுபோல் இருந்தது. வியாழக்கிழமை மதியம் காய்ச்சல் இறங்கியது. வலது கை விரல்கள் முதலில் நின்றன, பிறகு இடது கை. அவர் தூங்கினார். வெள்ளிக்கிழமை ஆணி வெளியே போய்விட்டது என்று வந்து சொன்னார்கள். அப்படியொன்று இருந்ததே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அன்று பத்து மணிவாக்கில் அவர் கண் விழித்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். கம்பியில் கட்டியிருந்த கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மிஷினு, இன்னைக்கு என்ன கிழமை?" என்றார். நாக்கு தடித்து வார்த்தை குழறியது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எதுவும் அவருக்கு நினைவில்லை. அவள் சொல்லச் சொல்ல, வேறு யாருக்கோ நடந்ததைக் கேட்பதுபோல் கேட்டார். குடியின் பேச்சை அவள் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. ஆனால் எடுக்காமல் இருப்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

நரைத்த நர்ஸ் வந்து வலது மணிக்கட்டை அவிழ்த்தாள். தோல் கன்றியிருந்தது. தண்ணீர் கொஞ்சம் கொடுக்கலாம், சிறிது சிறிதாக, என்று சொல்லி, மேசை மேலிருந்த டம்ளரில் ஊற்றி அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் அதைக் கட்டிலருகே கொண்டுவந்தாள். கொடுப்பதற்கு முன்னால், தான் செய்வது தெரியாமலே, டம்ளரை மூக்கருகே உயர்த்தி ஒரு நொடி முகர்ந்தாள். செய்த பிறகுதான் உணர்ந்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கையை நீட்டி டம்ளரை வாங்கினார். கை ஆடியது, தண்ணீர் விளிம்பில் தளும்பிப் போர்வையில் சிந்தியது. அதைத் தன் வாய்க்குக் கொண்டுபோகாமல், முழங்கையைக் கட்டிலில் ஊன்றி நிலைப்படுத்திக்கொண்டு, மறுபடியும் அவள் மூக்கருகே நீட்டினார்.

அவள் குனிந்து, நிதானமாக முகர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அவர் குடித்தார்.